கழுவாத தொட்டி

மியென் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. நாட்ராங் என்ற ஊரின் கடற்கரையில் அவளும் புருஷன் தோவானும் கடல்குதிரை வளர்க்கிறார்கள். வடகிழக்குக் காற்று வலுத்துப் படகெல்லாம் கரையேறிவிட்டது. குஞ்சுகளுக்குத் தீனியாகத் தினமும் உயிர்க்கூனி என்ற பொடி இறாலைக் கொண்டுவரும் வலைக்காரர்கள் வீட்டில் முடங்கிக் கிடந்தார்கள். தொட்டியில் நகத்தளவுக் குஞ்சுகள் வாலைச் சுற்றிப் பிடிக்கக்கூடத் தெம்பில்லாமல் மிதந்தன. செத்த கூனியைப் போட்டால் திரும்பியும் பார்க்காத ஜாதி அது, அசைவதைத்தான் தின்னும்.

இரண்டு ஈடு குஞ்சுகள் ஏற்கெனவே போய்விட்டன. இதுவும் போனால் தொட்டிகளை விற்றுவிட்டுத் தோவான் தூரத்துச் சைகோன் நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போவதாகப் பேச்சு. போனவர்கள் வருஷப் பிறப்பான தெத் பண்டிகைக்குத்தான் ஊர்ப்பக்கம் வருவார்கள். அந்தப் பயம்தான் மியெனுக்கு. பயம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"காத்து வரும்னு ஊருக்கே தெரியும், உனக்கு மட்டும் தெரியாதாய்யா?"

"கடல் என்ன என் மாமனார் தோட்டமா, நான் சொன்னா கேக்க?"

"எங்கப்பனை ஏன் இழுக்கிற? பின்னாடி பழைய தொட்டியில கடல்பாசியப் போட்டுட்டு மறந்துட்ட. பாக்கச் சகிக்கல. கழுவு கழுவுன்னு எத்தனை தடவை கத்துறது?"

"நாளைக்குக் கழுவுறேன்."

"உன் நாளைக்கு என்னைக்குய்யா விடியும்!"

பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அவளே போனாள். கடலோடிகள் கும்பிடும் திமிங்கலச் சாமி கோயில் இருக்கும் திசையைப் பார்த்து, "நீயும் கூனி தின்னு வளர்ந்த ஆளுதானே ஐயா, இந்தப் பச்சைப் பிள்ளைங்க பசி உனக்குத் தெரியாதா?" என்று சாமியையும் ஒரு பிடி பிடித்தாள்.

பாசியில் ஒரு கொத்தைப் பிய்த்தாள். உள்ளங்கை குறுகுறுத்தது. உதறப் போனவள் அப்படியே நின்றாள். பாசியோடு வந்து பெருகிய, எள்ளளவில் கூனி மாதிரியே வளைந்த உருப்படிகள் தத்திக்கொண்டிருந்தன. ஒன்று ஒருக்களித்துப் படுத்து நீந்தியது. இன்னொன்று கண்ணாடிபோல் இருந்தது, கண் மட்டும் கறுப்பு. வேறொன்றின் வயிற்றுப் பையிலிருந்து தூசு தூசாகக் குஞ்சுகள் உதிர்ந்தன. இத்தனை நாளும் அழுகலையெல்லாம் தின்று தீர்த்தது இதுகள்தான். அடித்தண்ணீர் பளிங்காகக் கிடந்தது.

கொத்தோடு ஓடிப்போய்க் குஞ்சுத் தொட்டியில் போட்டாள். மூச்சுவிடாமல் நின்றாள்.

'டிக்.'

ஒரு குஞ்சு உறிஞ்சிவிட்டது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் தொட்டி முழுக்க டிக் டிக்கென்று சத்தம். வயிறு நிரம்பியதுகள் பாசியில் வாலைச் சுற்றிக்கொண்டன. மியென் ஈரத்தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது.

தோவான் எட்டிப் பார்த்து மீசையைத் தடவினான். "நான் யோசிச்சுத்தான் கழுவாம விட்டேன்."

"யோசிச்சாராம்! சோம்பேறித்தனத்துக்குப் பேரு யோசனையா?"

"அப்ப சைகோனுக்குப் பையைக் கட்டட்டுமா?"

"கட்டிப் பாரு, காலை ஒடிக்கிறேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிரஷ்ஷை அவன் கையில் திணித்தாள். "போய்ச் சோத்துப் பானையக் கழுவு. அந்தத் தொட்டியில மட்டும் கை வச்சே, அவ்வளவுதான்!"