தலைமேல் வைத்த கை

வெந்நீரில் நனைத்த துண்டை மாமனாரின் வலது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தாள் மருமகள். வாசலில் தலைவரின் கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டுவிட்டது. மாமனார்தான் அந்த தர்காவின் பெரியவர். பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போன நாளிலிருந்து, “பெரியவர் மௌனத்தில் இருக்கிறார்” என்று சொல்லியே வீட்டார் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரும் நம்பியது. பேசிக்கொண்டிருந்தபோது கொடுத்ததைவிட இப்போது மரியாதை ஒரு படி கூடவே கிடைத்தது.

அந்தக் கை யார் தலையில் படுகிறதோ அவருக்குத்தான் ஊரின் ஓட்டு. மேடை, மைக் எல்லாம் அதற்குப் பிறகுதான். போன தேர்தலில் இதே தலைவரைத் தொட்டு ஜெயிக்கவைத்தவர் பெரியவர். ஜெயித்த கையோடு தர்காவுக்குப் பின்னாலிருந்த குடிசைகளை, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே இடித்துத் தள்ளினார் தலைவர். “இனிமே இந்தக் கை அவன் தலையில படாது” என்று மாமனார் அன்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். தட்டைத் திரும்ப எடுத்துப் போனவள் இவள்தான்.

“வேண்டாங்க. மாமாவுக்குப் பிடிக்காது,” என்றாள் கணவனிடம்.

“பிடிக்கலைன்னா? நாளைக்கே தலைவரு பெரியப்பா மகனைக் கொண்டுவந்து இந்த இடத்துல உக்கார வச்சிருவாரு. நாம நடுத்தெருவுலதான் நிக்கணும். முழங்கையை நான் தூக்கிப் பிடிக்கிறேன். சால்வைக்கு அடியில யாருக்குத் தெரியப்போகுது?” அவனுக்கும் பயம்தான். பயம் வந்தால் அவனுக்குக் குரல் உயரும்.

அவள் திரைக்குப் பின்னால் ஒதுங்கினாள். தலைவர் வந்து பவ்யமாகத் தலையைக் குனிந்தார். அவருடைய காவலாள் கதவை அடைத்துக்கொண்டு நின்றான். ஜன்னல் முழுக்கத் தலைகள். கணவன் தூக்க, கை போய்த் தலையில் உட்கார்ந்தது. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் விரல்கள் மடங்கின. தலைவரின் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டன.

கணவன் மெல்ல இழுத்துப் பார்த்தான். பிடி இறுகியது. வெளியே நின்றவர்கள் யாருக்கும் கிடைக்காத ஆசி என்று உருகினார்கள். கணவன் பேயறைந்த முகத்தோடு திரையைப் பார்த்தான். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, திரையை விலக்கி மாமனாரின் பக்கத்தில் போனாள்.

மணிக்கட்டைக் கீழ்நோக்கி மடக்கினால் விரல்கள் தானாக விரியும். தினமும் செய்கிற வேலை. மணிக்கட்டைப் பிடித்த பிறகுதான் கவனித்தாள். நோய் மடக்கும்போது கட்டைவிரல் உள்ளே சிக்கிக்கொள்ளும். இப்போது அது வெளியே நின்று மற்ற விரல்களை அழுத்திக்கொண்டிருந்தது. மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, பெரியவருக்கு உடம்புக்கு ஏதாவதா?” குனிந்தபடியே கேட்டார் தலைவர். குரலில் தேன் சொட்டியது. ஆமாம் என்றால் இத்தனை நாள் மௌனமும் பொய்யாகிவிடும். இல்லை என்றால், வேண்டுமென்றே பிடித்த பிடி என்று ஆகிவிடும். ஒரு மடக்கு மடக்கினால் எல்லாம் முடிந்துவிடும். அவளால் மடக்க முடியவில்லை.

“மனசுக்குள்ள வேண்டிக்கிற துஆ இன்னும் முடியலைங்க.”

அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். ஜன்னலோரம் யாரோ “ஆமீன்” என்றார்கள். அது தெருவரைக்கும் பரவியது. கதவருகே நின்ற காவலாள் மட்டும் வாயைத் திறக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைவரின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாக விரிப்பில் விழுந்துகொண்டிருந்தது.