பவுடர் இல்லாத ட்யூப்

என் தம்பி பெனிட்டோவுக்கு எதையும் அளவோடு செய்யத் தெரியாது. கிறிஸ்துமஸ் குடில் கட்டினால் சேக்காடு முழுக்க எங்கள் வீட்டைப் பற்றித்தான் பேச வேண்டும் அவனுக்கு. இந்த வருஷம் பெத்லகேம் வானம் நீலமாக இருந்தே ஆகணும் என்று பூந்தமல்லி பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ட்யூப்லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஆஸ்பத்திரி மாலாம்க்கா. எப்டி கீது பாரு."

கண்ணாடி பளிச்சென்று இருந்தது. போட்டதும் மெல்லிய நீலம். அழகாயிருக்குடா என்று நானும் சொல்லித் தொலைத்தேன். நேற்று சாயங்காலம் முழுக்க அதனடியில் தலையை நுழைத்துக்கொண்டு பாசி பரப்பினான், ஆட்டுக்குட்டிகளை நிறுத்தினான். விடிந்தால் அவனுக்குக் கண் டெஸ்ட். ரயில் ஓட்டும் வேலை. எழுத்துத் தேர்வில் முட்டி மோதி இப்போதுதான் பாஸாகியிருந்தான்; பார்வை சரியாக இருந்தால் வேலை கையில். "போய்ப் படுத்துத் தூங்குடா" என்று கத்தினேன். கேட்டால்தானே!

காலையில் அலறினான். "யக்கா, கண்ணுல மண்ண அள்ளிக் கொட்னா மாறி கீது. தொறக்க முடில."

முகமெல்லாம் வெந்து சிவந்திருந்தது. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து ஆவடியில் கண் டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். "வெல்டிங் பண்ணீங்களா?"

"இல்ல சார். குடில்தான் கட்னேன். நீல லைட்டு போட்டு."

"ட்யூப்ல வெள்ளையா பவுடர் பூசியிருந்துதா?"

பவுடரே இல்லை, வெறும் கண்ணாடி. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் நடத்தும் பாடம் அது. ட்யூபுக்குள் பாதரச அணுவின் எலக்ட்ரான் மேல்படிக்கு ஏறும். இறங்கும்போது புற ஊதாக் கதிரை வெளியே விடும். அது கண்ணுக்குத் தெரியாது. அந்த வெள்ளைப் பவுடர்தான் அதை வாங்கிக்கொண்டு நமக்கு வெளிச்சமாகத் தருகிறது. பவுடர் பூசாத ட்யூப் ஆஸ்பத்திரியில் கிருமியைக் கொல்ல வைத்திருப்பது. நாங்கள் பார்த்து மயங்கிய நீலம் அதிலிருந்து வருவதில் கொஞ்சம்தான். அவன் கண்ணைச் சுட்ட மிச்சம் எங்களுக்குத் தெரியவே இல்லை. எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து என்ன, என் வீட்டில் எரிந்தபோது எனக்கு உறைக்கவில்லையே!

"பயப்படாதீங்க. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"டெஸ்ட் இன்னிக்கு சார்" என்றேன்.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "இன்னிக்கு இவரால ஒரு எழுத்துகூட படிக்க முடியாதும்மா."

பெனிட்டோ மூடிய கண்ணோடு விசும்பினான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் அந்த லைட் இன்னும் எரிந்துகொண்டிருப்பது ஞாபகம் வந்தது. பதறிப்போய் வீட்டுக்குப் போன் போட்டேன். "அம்மா, குடில் லைட்ட ஒடனே அணை!"

"இன்னாத்துக்குடி அணைக்கணும்? நீங்க போனதுலேர்ந்து அதுக்குக் கீயதான் முட்டி போட்டுகினு கீறேன். புள்ளைக்குக் கண்ணு தொறக்கணும்னு பால ஏசு மூஞ்சியவே பாத்துகினு, கண்ண மூடாம ஜெபம் பண்ணிகினு கீறேன்."