இரவல் கொடுத்த மூன்று நிமிடம்

லையல் பெட்டிட் ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் வந்து நின்றபோது நான் கண்ணாடிக் கேசரோல் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையில் அட்டைகளும் ஒரு பேனாவும் இருந்தன.

"நீ வாயே திறக்க வேண்டாம், நடீன். செவ்வாக்கிழமை வந்து உக்காந்தா போதும். பேசறத நான் பாத்துக்கறேன்."

"எதைப் பத்தி?"

"வேற எதைப் பத்தி? பாலந்தான்."

எங்கள் ஊர் நகரசபைக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். பேச விருப்பமில்லாதவர்கள் தங்கள் மூன்று நிமிடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். ஒரே நிபந்தனை, அவர் பேசி முடிக்கும்வரை கொடுத்தவரும் அறைக்குள் இருக்க வேண்டும். எங்கள் சந்தில் நான்கு பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஐந்தாவது அட்டை எனக்கு.

சந்தின் கடைசியில் ஓடையைக் கடக்க ஒரு நடைபாலம் இருக்கிறது. மார்ச் மாதத்திலிருந்து அதற்குக் கீழே தாடிக்காரன் ஒருவன் தார்ப்பாய் கட்டிக்கொண்டு வாழ்கிறான். பாலத்தையே எடுத்துவிட்டால் அவனும் போய்விடுவான் என்பது சந்தின் கணக்கு.

அந்தத் தாடிக்காரன் என் தம்பி கர்ட்.

இது யாருக்கும் தெரியாது. இறந்துபோன என் கணவரின் பெயரால் நான் டால்பர்ட், அவன் ஹால்வர்சன். என் வீட்டில் மூன்று நாள் தங்கிப் பார்த்தான். கூரை நெஞ்சின் மேல் இறங்குகிறது என்று சொல்லிப் போய்விட்டான். "ரோட்ல பாத்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, நடீன்," என்றான். "எனக்கு ஒண்ணும் இல்ல. நீதான் இவங்களோட குடியிருக்கணும்." நான் கொஞ்சம் சீக்கிரமாகவே சரி என்று சொல்லிவிட்டேன். இதற்கு முன்பு ரயில் யார்டிலிருந்து அவனைத் துரத்தியபோது ஏழு மாதம் அவன் எங்கே இருந்தான் என்றே எனக்குத் தெரியவில்லை. அந்த ஏழு மாதமும் டெலிபோன் அடித்தால் எடுக்கப் பயந்தேன்.

மாட்டேன் என்று சொன்னால் லையல் ஏன் என்று கேட்பார். அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய் மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம். பாலத்தை எடுப்பதா வேண்டாமா என்று அன்றைக்கே வாக்கெடுப்பு. வெளியே மழை. அறை முழுக்க ஈரக் கோட்டு வாசனை. எனக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் எதிர்வீட்டு ஃபெர்ன். அவளுக்கு அப்பால் முழங்கால்களின் நீண்ட வரிசை. எழுத்தர் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். என் பெயர் வந்தபோது என் கை தானாகவே உயர்ந்தது.

"அஞ்சு பேரும் இருக்காங்க. மிஸ்டர் பெட்டிட்டுக்கு மொத்தம் பதினெட்டு நிமிஷம்."

"மொதல்ல ஃபெர்னோட மூணு நிமிஷத்த எடுத்துக்கறேன்," என்றார் லையல். "அவளே பேசியிருந்தா நீங்க ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்க முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். ஃபெர்ன்தான் அதிகம் சிரித்தாள்.

லையல் நன்றாகப் பேசினார். அவருடைய பேத்தி பள்ளிக்கு அந்தப் பாலத்தின் வழியாகப் போவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகிவிட்டது என்றார். அது பொய்யில்லை. அந்தச் சிறுமி பெரிய சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு போவதை நானும் ஜன்னலில் பார்த்திருக்கிறேன். மேடையில் இருந்த ஐந்து உறுப்பினர்களும் முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டார்கள். பொதுமக்கள் பேசும்போது அவர்கள் பதில் சொல்லக்கூடாது. சுவரில் மிச்ச நேரத்தைக் காட்டும் சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டே இருந்தன.

பிறகு திரையில் ஒரு படம் வந்தது. பாலத்தின் கீழே இறங்கும் மூன்றாவது படியில், நீல மூடி போட்ட ஒரு கண்ணாடிப் பாத்திரம்.

"யாரோ இவனுக்குச் சோறு போடறாங்க. நம்ம ஊர்க்காரங்கதான். போடறவரைக்கும் இவன் நகர மாட்டான்."

மூடியின் ஓரத்தில் காகித நாடா ஒட்டியிருந்தது. சர்ச் விருந்துக்குப் போகும் பாத்திரங்களில் நாங்கள் எல்லோரும் பெயர் எழுதி ஒட்டுவோம். படத்தில் எழுத்து தெரியவில்லை. ஃபெர்ன் திரையைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். அதன் பிறகு திரும்பவே இல்லை.

சிவப்பு எண்கள் நான்கு நிமிடத்துக்கு இறங்கியிருந்தன.

"இன்னும் ஒரு நிமிஷம் நம்ம டேனோடது," என்றார் லையல். "கடைசி மூணும் நடீனோடது. நடீன் அமைதியான பொம்பள. அவ சார்பாவும் சொல்றேன், எங்களுக்குப் பொறுமை போச்சு. அந்த மனுஷன் அங்க இருக்கக்கூடாது."

வெளியே போய்விடலாம் என்று அப்போதுதான் தோன்றியது. நான் அறையை விட்டுப் போனால் என் நிமிடங்களும் அவரை விட்டுப் போய்விடும். ஒன்றும் பேச வேண்டியதில்லை. எழுந்தேன்.

ஃபெர்ன் முழங்காலை ஒடுக்கிக்கொண்டாள். "அந்த மூடி உன்னோடதுதானே," என்றாள், உதடு அசையாமல். அவள் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்து எனக்கு வழி விட்டாள்.

"மேடம்," என்றார் எழுத்தர், "நீங்க வெளிய போனா உங்க நேரம் அவருக்குக் கிடையாது."

"பாத்ரூம்னா கொஞ்சம் பொறுத்துக்க, நடீன்," என்றார் லையல். மறுபடியும் சிரிப்பு.

"பாத்ரூம் இல்ல, லையல். என் நிமிஷத்தத் திருப்பிக் குடு."

அதை ஏன் வாய்விட்டுச் சொன்னேன் என்று தெரியவில்லை. பேசாமல் கதவை நோக்கி நடந்திருக்கலாம். மேயர் ப்ரூவெட் எண்களை நிறுத்தச் சொன்னார். எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"திருப்பிக் கேட்டா குடுக்கக்கூடாதுன்னு எங்கயும் எழுதல," என்றார் கடைசியில்.

"அப்ப அது உங்க நேரம், மிஸஸ் டால்பர்ட்," என்றார் மேயர். "மிஸ்டர் பெட்டிட் மிச்சத்தை முடிக்கட்டும். அப்புறம் நீங்க வந்து பேசுங்க."

லையலுக்குக் கிடைக்கக்கூடாது என்றுதான் கேட்டேன். எனக்குக் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. கதவு பத்தடியில் இருந்தது. லையல் அவசரமாக எதையோ சொல்லி முடித்தார், எனக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. பிறகு எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. பேசுகிறவர்கள் நிற்கும் மர மேசைக்கு நடந்தேன். மைக் லையலின் உயரத்தில் இருந்தது. அதைக் கீழே வளைத்தபோது கிறீச்சிட்டது.

"பதிவுக்காக உங்க பேரு, முகவரி," என்றார் எழுத்தர்.

"நடீன் டால்பர்ட். ஆல்டர் சந்து, நாப்பத்தொண்ணு."

3:00 என்று எரிந்தது. பிறகு 2:59.

"பாலத்துக்குக் கீழ இருக்கறவன் பேரு கர்ட் ஹால்வர்சன். அவனால இங்க வந்து பேச முடியாது. அவன் முகவரி கேட்டீங்கன்னா, பாலத்துக்குக் கீழதான். அந்தப் பாத்திரம் என்னோடது. அவன் என் தம்பி."

2:38.

அவ்வளவுதான். அதற்கு மேல் என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. லையல் கையில் ரிமோட்டோடு முதல் வரிசையில் நின்றுகொண்டிருந்தார், உட்காரத் தெரியாதவர் போல. திரையில் இன்னும் அந்த நீல மூடி. என்னிடம் கர்ட் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதையும் இருபது நொடியில் உடைத்துவிட்டேன்.

"வேற ஏதாவது இருக்கா, மிஸஸ் டால்பர்ட்?" என்று கேட்டார் மேயர். "இல்லன்னா வாக்கெடுப்புக்குப் போயிடலாம்."

அட்டைகள் எதுவும் மிச்சமில்லை. எனக்குப் பின்னால் பேச யாரும் இல்லை. நான் நகர்ந்தால் உறுப்பினர்களின் கைகள் உயரும். நான் இங்கே நிற்கும்வரை பாலமும் நிற்கும்.

"இருக்கு," என்றேன்.

மர மேசையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டேன். 2:21. 2:20.