கொசுவுக்குக் கட்டிய வேப்பிலை

ஹானா வேப்பிலைக் கொத்தை வாசலில் கட்டியது ஒரு புதன்கிழமை காலையில். பெசன்ட் நகர்க் கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடும். வேப்பிலை இருக்கும் இடத்தில் கொசு அண்டாது என்று இணையத்தில் எந்தப் புண்ணியவானோ எழுதி வைத்திருந்தான். எதிரிலேயே மரம் இருந்தது. ஒரு கொத்து ஒடித்து, மகன் டோமாஷின் பழைய ஷூ லேஸால் கதவுக்கு மேலே கட்டி, தள்ளி நின்று பார்த்துத் தன்னையே மெச்சிக்கொண்டாள். நமக்கென்றால் பார்த்ததும் பகீரென்னும். செக் நாட்டிலிருந்து வந்து ஆறே மாதம் ஆனவளுக்கு என்ன தெரியும், பாவம்.

அந்த ஆறு மாதமும் லேசாகப் போகவில்லை. கணவன் பாவெலுக்கு ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனியில் பேச ஆள் இருந்தது. ஹானாவுக்கு அந்த மூன்று மாடிக் குடியிருப்பில் 'சாப்டாச்சா' என்ற கேள்விக்கு மேல் யாரோடும் பேச்சு வளரவில்லை. டோமாஷுக்கு வரும் சனிக்கிழமை ஏழு வயது. ஞாயிறன்றே வீடு வீடாகப் போய்ப் பதினான்கு பிள்ளைகளைக் கூப்பிட்டு வந்திருந்தாள். எல்லோரும் 'கண்டிப்பா வரோம்' என்றார்கள். இதற்கும் யாரும் வராவிட்டால் கோடை முடிவதற்குள் பையனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிடுவது என்று பாவெலிடம் சொல்லிவிட்டாள். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை.

புதன் மதியத்திலிருந்து குடியிருப்பு அடங்கிப்போனது. பள்ளி விடுமுறை, கீழே ஓயாமல் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளின் சத்தத்தையே காணோம். டோமாஷ் ஒருமுறை பந்தோடு இறங்கினான். முதல் மாடி ஷெரில் அவசரமாகத் தன் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அவன் வந்த வேகத்தில் மேலே ஏறி வந்து, "அவங்களுக்கு என்னைப் பிடிக்கல" என்றான்.

தினமும் காலையில் வாசலில் ஏதாவது இருந்தது. ஒரு நாள் இரண்டு இளநீர், மறுநாள் தூக்குச்சட்டியில் மோர், அப்புறம் நுங்கு. மணி அடித்தவர் யாருமில்லை. வேறு யாருக்கோ வந்தது வீடு மாறிவிட்டது என்று நினைத்து, எல்லாவற்றையும் காவலாளி வெள்ளைத்துரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டடி தள்ளி நின்று வாங்கிக்கொண்டார். குடிக்கும்போது அந்தத் தயக்கம் இல்லை.

சனிக்கிழமை நான்கு மணிக்குக் கேக் தயார். நான்கே முக்காலுக்கும் யாரும் வரவில்லை. டோமாஷ் தங்கக் காகிதக் கிரீடத்தோடு சோபாவில் உட்கார்ந்து, தனக்குத்தானே ஒவ்வொரு சிப்ஸாகப் பரிமாறிக்கொண்டிருந்தான். ஹானா சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் ரத்னா வந்தாள். ஊரூர் குப்பத்திலிருந்து வீட்டுவேலைக்கு வருபவள். அண்ணன் மகள் கல்யாணத்துக்காக ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தாள். வாசலைப் பார்த்ததும் செருப்பை உதறிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா எப்பம்மா வந்தா? யாருக்கு கீது?"

ஹானா விழித்தாள். ரத்னா உள்ளே எட்டிப் பார்த்தாள். சிப்ஸும் கிரீடமுமாகப் பையன் கொழுகொழுவென்று இருந்தான். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள்.

"ஒன்னியும் இல்லியே. அப்பால இன்னாத்துக்கு அத்த கட்டிகீற?" என்று இலையைக் காட்டினாள்.

ஹானாவுக்குத் தெரிந்த முப்பது தமிழ்ச் சொற்களில் ஒன்று சமயத்துக்கு உதவியது. "கொசு," என்றாள்.

ரத்னா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மாடிப்படி கைப்பிடியில் குனிந்து குரல் கொடுத்தாள். "ஜொவிட்டா டீச்சர், அம்மையும் இல்ல, ஒன்னியும் இல்ல. கொசுக்கு கட்டிகீது இந்தம்மா."

கீழ்வீட்டு ஜொவிட்டா, ஒரு கான்வென்ட் பள்ளியின் கணக்கு டீச்சர், மூச்சு வாங்க மேலே வந்து ஆங்கிலத்தில் விளக்கினாள். "ஐயோ ஹானா, வாசல்ல வேப்பிலை கட்டினா வீட்ல யாருக்கோ அம்மை போட்டிருக்குன்னு அர்த்தம். யாரும் உள்ள வரமாட்டாங்க. பார்ட்டியெல்லாம் எங்க நடக்கப்போகுதுன்னு நாங்களே விட்டுட்டோம்."

"அந்த இளநீர்?"

"நான் வெச்சது. மோர் பத்ரிநாராயணன் சார் வீட்ல. நுங்கு ஷெரில். உடம்பு குளிரணும்னு முறை வெச்சு வெச்சோம். புள்ள தூங்குறான், ஒருத்தனும் சத்தம் போடக்கூடாதுன்னு பசங்கள மிரட்டி வெச்சிருந்தேன்."

மூன்று நாளாக ஹானாவைக் குத்திக் கிழித்த அந்த அமைதி, அவள் பிள்ளைக்காக ஒரு குடியிருப்பே வாயை மூடிக்கொண்டு இருந்த அமைதி. அவள் ஜொவிட்டாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை மறைக்காமல் அழுதாள். ஊர் திரும்பும் யோசனை அதோடு போயிற்று.

கால் மணி நேரத்தில் வீடு கொள்ளவில்லை. பதினான்கு பேரைக் கூப்பிட்டதற்கு இருபத்தாறு பேர் வந்தார்கள்; கைக்குழந்தை இரண்டு தனி. ஜொவிட்டா யாரையும் கேட்காமல் சமையலறை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து கத்தியைத் தேடினாள். வெள்ளைத்துரைகூட வந்து ஓரமாக நின்றார். மோர் யார் வயிற்றுக்குப் போனதென்று அவரும் சொல்லவில்லை, ஹானாவும் காட்டிக்கொடுக்கவில்லை.

கேக் வெட்டியதுதான் தாமதம், ஷெரிலின் மகன் டோமாஷின் கையைப் பிடித்து இழுக்க, பிள்ளைகள் மொத்தமும் தடதடவென்று படியிறங்கி ஓடின. அவன் அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹானா பதறிப்போய்ப் பின்னாலேயே வாசலுக்கு ஓடினாள்.

"எங்க ஓடுறீங்க? பசிச்சா தானா வருவான்," என்று ஜொவிட்டா அதட்டினாள். "பேசாம வந்து உட்காருங்க. நீங்க இன்னும் ஒண்ணுமே சாப்பிடல."

இந்த ஊரில் இதுவரை அவளை யாரும் அதட்டியதில்லை. ஹானா வந்து உட்கார்ந்தாள்.