ஒரு பக்கத்துக்கு ஒரு முழம்

கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தை ஒட்டிய சந்து ஒன்றில் பகவதிப்பெருமாளின் பூக்கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் தகரக்கூரை போட்ட கொட்டகை. கொட்டகையில் மூன்று பெண்கள் பூ கட்டினார்கள். நான்காவது பெண் அவர்களுக்கு நாவல் வாசித்தாள். அதுவும் வேலைதான். மற்ற மூவருக்கும் என்ன சம்பளமோ அதுவே அவளுக்கும்.

அவள் பெயர் பிரேமா. தோவாளையில் பிறந்து கரமனையில் வாழ்க்கைப்பட்டவள். பத்து வருடம் அதே கொட்டகையில் பூ கட்டியவள்தான். தொண்ணூற்றாறில் அவள் விரல் நுனிகள் வெடித்துப் புண்ணாயின. அரளிப்பாலும் ஈர நாரும் இனி கையில் படவே கூடாது என்று தோல் டாக்டர் சொல்லிவிட்டார். அவளை நிறுத்திவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று பகவதிப்பெருமாள் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில் கொட்டகையில் ஒரு சண்டை நடந்தது. ரேடியோவில் தமிழ்ப் பாட்டு வைப்பதா மலையாளப் பாட்டு வைப்பதா என்று பாறசாலைக்காரி ஜெயஷீலாவும் விதுரையிலிருந்து வரும் ஓமனாவும் ஆளுக்கொரு பக்கம் திருக, ரேடியோ பூ நனைக்கும் தொட்டிக்குள் விழுந்தது. அன்று மத்தியானம் இருவரும் முகம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிரேமா சும்மா இருக்கப் பிடிக்காமல், பையில் கிடந்த மாத நாவலை எடுத்து உரக்க வாசித்தாள். ஓமனாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, ஆனால் கேட்டால் எல்லாம் புரியும். நான்கு மணிக்குப் பகவதிப்பெருமாள் வந்து பார்த்தபோது பூ வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்பே தீர்ந்திருந்தது. அவர் புது ரேடியோ வாங்கவில்லை.

பக்கக் கணக்கைக் கொண்டுவந்தவள் மாடம்மாள். பத்தொன்பது வருடமாகக் கட்டுபவள், கொட்டகையில் மூத்தவள். பிரேமா ஒரு பக்கம் வாசித்து முடிக்கும் நேரமும் பிச்சிச் சரம் ஒரு முழம் வளரும் நேரமும் ஒன்று என்று அவள்தான் முதலில் கவனித்தாள். அதன்பிறகு கையை நீட்டி அளக்கும் வேலை இல்லாமல் போயிற்று. புத்தகத்தைப் பின்பக்கமாக மடித்துப் பிடித்து வாசிப்பதால் பக்கத்துக்கு ஒரு தடவை பிரேமா தாளைத் திருப்பியாக வேண்டும். தாள் புரளும் சத்தம் கேட்டதும் மூவரும் சரத்தில் ஒரு இணுக்கு மரிக்கொழுந்து வைத்து இறுக்குவார்கள். பிறகு அடுத்த முழம். பகவதிப்பெருமாள் பச்சையை எண்ணினால் போதும். நாளடைவில் அவர் வாயிலும் அதுவே வந்தது. ஆள் வந்து சரம் கேட்டால் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று பக்கம் ஆகும், ஒரு சாயா குடித்துவிட்டு வாருங்கள் என்பார்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இவர்கள் யாருக்கும் கிடையாது. தோவாளைச் சந்தையில் பூவை எடை போட்டு பஸ்ஸில் ஏற்றிவிடும் தளவாய், வாரத்துக்கு இரண்டு புத்தகம் வாங்கிப் பூக்கூடையில் வாழையிலைக்கு அடியில் செருகி அனுப்புவான். அவன் பார்ப்பது அட்டைப்படத்தை மட்டும். ஒரு தடவை மழையில் நனையும் பெண், அடுத்த தடவை நாக்கை நீட்டும் பாம்பு. அதனால் ஒரு வாரத்தில் ஒரு காதல் கதையும் ஒரு மாயக் கதையும் கொட்டகைக்கு வந்து சேரும். ஈரம் பட்டு ஓரம் உப்பியிருக்கும், பிச்சி வாசனை அடிக்கும்.

ஒன்றிரண்டு நாவல் தன்பாட்டுக்கு வாசிப்பவளுக்கு ஒன்றும் ஆகாது. வருடத்துக்கு நூறு நாவலை ஒரு வரி விடாமல் உரக்க வாசிப்பவளின் நிலைமை வேறு. காதல் கதையின் முதல் அத்தியாயத்தில் நாயகி மாடிப்படியில் சறுக்குவாள் என்று பிரேமாவுக்குத் தெரியும். அவன் பிடிப்பான். அவன் பெரிய கம்பெனி முதலாளி, ஆனால் கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று தொண்ணூற்றாறு பக்கத்திலும் ஒரு சொல் வராது. அவன் அவளைக் கன்னத்தில் அறைவான். அது அன்பு என்று அவள் எழுபதாம் பக்கத்தில் கண்டுபிடிப்பாள். மாயக் கதை இன்னும் மோசம். எழுத்தாளருக்கு வழி தெரியாமல் போகும்போதெல்லாம் குகைக்குள்ளிருந்து ஒரு சித்தர் எழுந்து வந்து ஒரு வேரைக் கொடுப்பார். முந்நூறு வருடச் சாபம் அரைப் பக்கத்தில் தீரும். அப்படித் தீருமென்றால் முதல் பக்கத்திலேயே அந்த மனிதர் எழுந்து வந்தால் என்ன என்று பிரேமா ஒருநாள் கேட்டாள். அவருக்குத் தூக்கம் கலைய வேண்டாமா என்றாள் ஓமனா.

மாடம்மாளின் குறை வேறு விதம். நாயகிகள் சாப்பிடுவதில்லை என்பது அவள் கண்டுபிடித்தது.

"ஏட்டி பிரேமா, இந்தப் பிள்ளை காலத்தே வீட்ட விட்டு எறங்குனா. இப்போ எம்பதாம் பக்கம். ஒரு வாய் கஞ்சி குடிச்சாளா பாரு."

பிரேமா பின்னால் புரட்டிப் பார்த்தாள். நாயகி ஒரு இடத்தில் காப்பிக் கோப்பையைக் கையில் எடுத்திருந்தாள். அவன் உள்ளே வந்ததும் அது கீழே விழுந்து உடைந்துவிட்டது.

"பின்னே மயங்கி விழாம என்ன செய்வா? அது பிரேமம் இல்ல பிள்ளே, வயித்துல ஒண்ணும் இல்ல" என்றாள் மாடம்மாள்.

தொண்ணூற்றேழு ஆவணியில் பிரேமா தாண்ட ஆரம்பித்தாள். முதலில் நாயகியின் கண்களைத்தான் தாண்டினாள். ஒன்றரைப் பக்கத்துக்கு நீளும் கண்கள். மேலே நாலு வரி, கீழே நாலு வரி வாசித்துவிட்டுத் தாளைப் புரட்டினாள். யாரும் கவனிக்கவில்லை. அடுத்த நாள் வாள் சண்டையை வெட்டினாள், அதற்கடுத்த நாள் மழையை. தொண்டைக்கு இதமாக இருந்தது. கதைக்கும் ஒன்றும் குறையவில்லை, விறுவிறுப்பாகப் போகிறது என்று ஓமனாகூடச் சொன்னாள்.

அந்த மாதம் முகூர்த்தங்கள் அதிகம். கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் இருக்கும் வெங்கடசுப்ரமணியன் தன் மகள் கல்யாணத்தின் ஊஞ்சலுக்கு நாற்பது முழம் பிச்சிச் சரம் சொல்லியிருந்தார். நாலு சங்கிலிக்கும் பத்துப் பத்து முழம். பகவதிப்பெருமாள் பச்சையை எண்ணி, நாற்பது என்று உறுதி செய்து, வாழையிலையில் சுருட்டிக் கொடுத்தனுப்பினார்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை வெங்கடசுப்ரமணியன் கடைக்கு வந்தார். சத்தம் போடுகிறவர் அல்ல. மற்றவர்கள் பூ வாங்கிக்கொண்டு போகட்டும் என்று ஓரமாகக் காத்திருந்தார்.

"ஓய் பெருமாள், மூணு சங்கிலி நன்னா ஜோடிச்சாச்சு. நாலாவது சங்கிலி பாதிக்கு மேல மொட்டையா நின்னுது. சம்பந்தி மாமி அதையே பார்த்துண்டிருந்தா. உம்ம முழம் எப்ப ஓய் சின்னதாச்சு?"

இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு கேள்வியை யாரும் பகவதிப்பெருமாளிடம் கேட்டதில்லை. வெங்கடசுப்ரமணியன் போனதும் கொட்டகைக்குள் வந்தார். காலைக் கோயிலுக்கென்று முந்தின நாள் கட்டி, போகாமல் மீந்திருந்த சரங்களை எடுத்து, மரிக்கொழுந்துக்கும் மரிக்கொழுந்துக்கும் நடுவே தன் முழங்கையை வைத்து அளந்தார். மாடம்மாள் கட்டியதில் நாலு விரல் குறைந்தது. ஓமனா கட்டியதிலும் நாலு விரல். ஜெயஷீலா கட்டியதிலும் அதே நாலு விரல்.

ஒருத்தி சரத்தில் குறைந்திருந்தால் கை தளர்ந்துவிட்டது என்று விட்டிருப்பார். மூன்று பேருக்கும் ஒரே அளவில் குறைந்ததுதான் அவரை வருத்தியது. மூவரும் பேசிவைத்துக்கொண்டு பூவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள், வேறு எப்படி இது நடக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாளையிலிருந்து அளவுக்குச்சி வைத்துக் கட்டினால் போதும், மீந்த பூவைத் தினமும் தன்னிடம் காட்டிவிட்டுப் போகவேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மாடம்மாள் கையிலிருந்த நாரைத் தொட்டிக்குள் போட்டாள். எழுந்து சேலையை உதறினாள். மடியிலிருந்து உதிர்ந்தவை நாலைந்து காம்புகள்தான்.

"பாத்துக்கிடும் மொதலாளி. இவ்வளவுதான் நான் கொண்டுபோற பூ."

அவள் டிபன் பாத்திரத்தை எடுத்தாள். ஓமனாவும் எழுந்தாள். ஜெயஷீலா அழத் தயாரானாள். பிரேமா மூலையில் ஸ்டூலில், மடியில் பாம்பு அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். நாலு விரல் எங்கே போயிற்று என்று அந்தக் கொட்டகையில் அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. சொன்னால் வேலை போகலாம். இந்த விரல்களை வைத்துக்கொண்டு அவள் வேறெங்கே போய்ப் பூ கட்டுவது? சொல்லாவிட்டால் மாடம்மாள் வாசலைத் தாண்டிவிடுவாள்.

"அவங்க மேல குத்தம் இல்ல மொதலாளி" என்றாள். "நான்தான் பக்கத்தத் தாண்டி வாசிச்சேன்."

யாருக்கும் உடனே புரியவில்லை. பிரேமா புத்தகத்தைப் பிரித்து, எந்தப் பக்கத்தில் எவ்வளவு விட்டாள் என்று விரலால் காட்டினாள். பாதிப் பக்கத்தில் தாளைப் புரட்டினால் முழமும் பாதியில் நிற்கும் என்பது தனக்குத் தோன்றவே இல்லை என்றாள். வாசிப்பவளுக்குக் கதைதான் நினைவில் இருந்தது, சரம் இல்லை.

பகவதிப்பெருமாள் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார்.

"அப்படி என்ன எழுதியிருக்கு? விட்டதை வாசி, கேப்போம்."

பிரேமா வாசித்தாள். நாகலோக இளவரசியின் கண்கள். அவை கண்களா, கயல்களா. கயல்கள் என்றால் நீர் எங்கே, நீர்தான் அவன் நெஞ்சமோ. நெஞ்சம் நீரானால் அதில் எரியும் தீ எது. கடைக்குச் சாயா கொண்டு வந்தவன் கிளாஸை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான். ஒரு பக்கம் முடிந்து தாள் புரண்டது. கண்கள் முடியவில்லை. பகவதிப்பெருமாள் ஆறிப்போன சாயாவை ஒரே மடக்கில் குடித்தார்.

"போதும்" என்றார். பிறகு நின்றுகொண்டிருந்த மாடம்மாளைப் பார்த்தார். "அக்கா, நான் நினைச்சது தப்பு. இரிங்க."

மாடம்மாள் உடனே உட்காரவில்லை. அவர் மறுபடியும் சொன்னபிறகு உட்கார்ந்தாள். பிரேமாவையும் மன்னித்து விட்டுவிடலாம் என்று தோன்றும்படிதான் எல்லாம் முடிந்திருந்தது. ஆனால் அதுவரை பேசாமலிருந்த ஜெயஷீலாவுக்குத்தான் உண்மையில் கோபம் வந்திருந்தது.

"எனக்குக் கண்ணு பிடிக்கும் சேச்சி" என்றாள். "நான் அதுக்காக்கும் காத்திருக்கது. நீங்க யாரு அத வெட்டுகதுக்கு?"

தனக்குச் சலித்தது எல்லாருக்கும் சலித்திருக்கும் என்றுதான் பிரேமா நினைத்திருந்தாள். ஓமனா, தனக்குக் கண்கள் வேண்டாம், ஆனால் சண்டை கட்டாயம் வேண்டும் என்றாள். மாடம்மாளுக்கு இரண்டும் வேண்டாம். பத்து நிமிடம் மூவரும் வழக்கு நடத்தினார்கள். கடைசியில் மாடம்மாள் சொன்னதுதான் நின்றது: பிரேமா வெட்டட்டும். ஆனால் வெட்டினால் வெட்டினேன் என்று சொல்லவேண்டும். வெட்டிய இடம் நிறையும்வரை அவளே ஏதாவது சொல்லவேண்டும். அதுவரை தாளைப் புரட்டக் கூடாது.

"நான் என்னத்தச் சொல்லுவேன்?" என்றாள் பிரேமா.

"அந்தப் பிள்ளைக்கு முதல்ல ஏதாவது திங்கக் கொடு" என்றாள் மாடம்மாள்.

பகவதிப்பெருமாள் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். பிறகு தன் கையாலேயே பிச்சியை எடுத்துக் கொடுத்து, பத்து முழம் சரம் கட்டச் சொன்னார். வாசிப்பில்லாமல், முழங்கையால் அளந்து கட்டிய அந்தச் சரத்தை அவரே வெங்கடசுப்ரமணியன் வீட்டுக்குக் கொண்டுபோனார். கல்யாண வீட்டில் ஊஞ்சலைக் கழற்றியிருந்தார்கள். அவர் வீட்டு மாமி சரத்தைச் சாமி படங்களுக்குப் போட்டுக்கொண்டாள். பக்கக் கதையைக் கேட்ட வெங்கடசுப்ரமணியன், அந்தக் கண்கள் முடிந்ததா இல்லையா என்று மட்டும் விசாரித்தார்.

அன்று மத்தியானம் புதுப் புத்தகம் வந்தது. அட்டையில் மழை. பிரேமா ஆரம்பித்தாள். நாயகி மாடிப்படியில் சறுக்கினாள், அவன் பிடித்தான். கண்கள் தொடங்கின. ஜெயஷீலாவுக்காகப் பாதியை வாசித்தாள். பிறகு நிறுத்தி, இந்த இடத்தில் வெட்டுகிறேன் என்றாள். மூவர் கைகளும் நாரைப் பிடித்தபடி நின்றன.

நாயகி அவன் கையை உதறிவிட்டு இறங்கினாள் என்று பிரேமா சொன்னாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. தெருமுனையில் ஒரு கடை. புட்டும் கடலையும் இருந்தன. பப்படம் தீர்ந்துபோயிருந்தது. பழம் இருக்கிறதா என்று கேட்டாள். ரசகதலி இருந்தது. புட்டை உடைத்து, பழத்தைப் பிசைந்து, முதல் வாயை வைக்கும்போது வெளியே அவனுடைய கார் வந்து நின்றது.

"அவன் நிக்கட்டும்" என்றாள் மாடம்மாள். கைகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன.

அவன் நின்றான். நாயகி இரண்டாவது குழல் புட்டு கேட்டாள். சாயா வந்தது. ஆற்றிக் குடித்தாள். கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று அவனிடம் கேட்டாள். அவன் முழித்தான், பிறகு குழாய் செய்கிறோம் என்றான். எந்த ஊர் குழாய், என்ன கனம், கசியுமா என்று ஓமனா கேட்க, பிரேமா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கை கழுவி நாயகி வெளியே வந்த பிறகுதான் தாள் புரண்டது. மூவரும் மரிக்கொழுந்து வைத்தார்கள்.

சித்திரை வரை இப்படியே நடந்தது. ஒரு வாரம் என்று சொன்னதை யாரும் அதன்பிறகு எடுக்கவில்லை. மாயக் கதைகளில் சித்தர்கள் வேர் கொடுப்பதற்கு முன் விலாசம் கேட்டார்கள். கன்னத்தில் அறைந்த நாயகர்கள் வெட்டுப்பட்ட இடத்தில் திருப்பி அறை வாங்கினார்கள். ஜெயஷீலாவுக்கு அவள் பங்குக் கண்கள் குறையாமல் கிடைத்தன.

ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே பூ தீர்ந்துவிட்டது. சரம் கேட்டு வந்தவர்கள் முன்னால் நின்றார்கள். பகவதிப்பெருமாள் உள்ளே வந்து, கட்டிய சரத்தை எடுத்து முழங்கையை வைத்துப் பார்த்தார். மரிக்கொழுந்து அவர் நடுவிரலையும் தாண்டி ஐந்து விரல் தள்ளி இருந்தது. மூன்று சரத்திலும் அப்படியே. கல்யாண வீடுகள் கொஞ்ச நாளாகத் தன் கடையையே தேடி வருவது ஏன் என்று அவருக்கு அப்போது புரிந்தது.

பிரேமா புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, வெகுநேரமாகத் தாளைப் புரட்டாமலேயே, நாயகியின் அம்மாவுக்கு ரேஷன் கடையில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அந்த இடம் முடியும்வரை வாசலில் சாய்ந்து நின்றார். மண்ணெண்ணெய் கிடைத்ததா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பேசினார்.

"பிரேமா, நாளையிலிருந்து அந்தக் கண்ணைக் கொஞ்சம் கூடுதலா வாசி. பூ பத்தல."