இரண்டு வெள்ளத்துக்கு நடுவே ஒரு முகூர்த்தம்

தங்கை சந்தனமாரிக்குக் கல்யாணம். 1941 ஆனி மாதத்து அந்தக் காலையிலும் மராமத்து இலாகா ஓவர்சியர் ஆவுடைநாயகம் குற்றாலத்துக்குச் சைக்கிள் மிதித்து, மழைமானியைப் பார்த்துவிட்டுத்தான் வந்தான். விடியுமுன் ஒரு மழை; சற்று ஓய்ந்து, அதைவிடப் பெரிதாய் இன்னொன்று.

தென்காசியிலிருந்து கிளம்பிய பெண்வீட்டு வண்டிகள் சிற்றாற்றுத் தாம்போதியில் நின்றுவிட்டன. அந்தத் தாழ்ந்த பாலத்துக்கு மேல் இடுப்பளவு செந்தண்ணீர். எதிர்க்கரைத் தென்னந்தோப்பில் மாப்பிள்ளை வீட்டுப் பந்தல் தெரிந்தது.

ஆவுடைநாயகம் அந்த இடத்து வெள்ளத்தை அளந்து ஒரு கோடு வரைந்து வைத்திருந்தான். மலையில் ஓர் அங்குல மழை ஓடிவந்தால் ஆறு எப்படி ஏறும், எப்போது வடியும் என்பதைச் சொல்லும் கோடு. இரண்டு அங்குலமென்றால் கோடும் இரட்டிப்பு உயரம். அடுத்தடுத்துப் பெய்தால், நேரத்தைத் தள்ளி வரைந்து இரண்டையும் கூட்டவேண்டும். அமெரிக்காக்காரன் முறை, பத்திரிகையில் படித்தது. அவன் அப்படிக் கூட்டிப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

பத்து மணிவாக்கில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது.

"வடியுதுல்லா! இன்னும் வடியட்டும், பலகாரத்தத் தின்னுட்டுப் போவோம்" என்று தாய்மாமன் சங்கரபாண்டி இலையை விரித்தார்.

"மாமா, இப்பமே போயிரணும். ரெண்டாவது வெள்ளம் வருது."

"வானம் வெளுத்துக் கெடக்கு. வெள்ளம் எங்கனயிருந்துலே வரும்?"

"மலையில பெஞ்சது இன்னும் வந்து சேரல."

யாரும் அசையவில்லை. ஆவுடைநாயகமும் மேலே வற்புறுத்தத் தயங்கினான். கணக்குத் தப்பினால் நடு ஆற்றில் நிற்பது தங்கையல்லவா! அதற்குள் சந்தனமாரி வண்டியிலிருந்து குதித்துவிட்டாள்.

"வாங்கண்ணே, போவோம்."

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மணப்பெண்ணே இறங்கிய பிறகு மற்றவர்கள் நிற்பார்களா?

கடைசி வண்டி அக்கரை ஏறவும் மேற்கே இரைச்சல் கேட்டது. கிளைகளைப் புரட்டிக்கொண்டு வெள்ளம் பாலத்தை மூடியது. தென்காசிக் கரையில் அகப்பட்டுக்கொண்டவர்கள், கையில் இட்லியோடு மாமாவும் அவரோடு பந்தியில் உட்கார்ந்த மேளக்காரர்களும்தான்.

முகூர்த்தம் தவறலாமா? பந்தலிலிருந்து ஒருவர் கரைக்கு ஓடிவந்து துண்டை வீசிச் சைகை காட்டினார். அதைக் கண்ட மாமா, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று குதித்தார். ஆற்றின் இரைச்சலையும் மீறித் தவில் முழங்கியது. சிரிப்பை அடக்கமாட்டாமல் குலுங்கிய சந்தனமாரியின் கழுத்தில் தாலி ஏறியது.

விருந்தில் ஆவுடைநாயகம் சாம்பாரில் விரல் தொட்டு இலையில் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். வெள்ளம் கணக்கைவிடப் பெரிதாக, கொஞ்சம் முந்தியும் வந்துவிட்டதே!

"முத மழையிலயே மண்ணு நனைஞ்சிட்டு. ரெண்டாவது மழைய அது குடிக்கல. அத நான் யோசிக்கவே இல்ல" என்றான், பக்கத்திலிருந்த மாப்பிள்ளை பிச்சைமணியிடம்.

"சரி மச்சான், கைய எடுங்க. பாயசம் ஊத்தப் போறாவ."