நாலு கல் பாக்கி

ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்தைத் தூக்கியிருந்தவனின் கால் கணுக்கால் வரை சேற்றில் புதைந்தது. ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் சாய, மரகதத்தின் இடது கை போர்வைக்கு வெளியே வந்து தொங்கியது. இந்திராணி ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வேன் ரோட்டிலேயே உறுமிக்கொண்டு நின்றது. அதற்கு மேல் வண்டி ஏறாது.

ரோட்டிலிருந்து எட்டடி தள்ளி, வீட்டுக்கு ஏறும் கல்பாதையின் முனையில், எதுவா என்ற கல்வேலைக்காரன் குந்தியிருந்து கல்லின் ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். ராஞ்சிப் பக்கத்திலிருந்து தீவுக்கு வேலைக்கு வந்தவன். யார் வந்தாலும் போனாலும் கல்லைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். நிழல் மேலே விழுந்த பிறகுதான் நிமிர்ந்தான். ஸ்ட்ரெச்சரைப் பார்த்தான். சுத்தியல் நின்றது.

இந்திராணி சட்டென்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

பழக்கம்தான். மரகதம் ஆஸ்பத்திரியில் ஆயா. மாதத்தில் பாதி நாள் நைட் டூட்டி. பகலில் வந்து படுத்தால், வாசலில் மாதக்கணக்காக விழும் இந்தச் சுத்தியல் சத்தத்தில்தான் தூங்கினாள். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாள். "ஏட்டி, ஏன் நிறுத்திட்டான்? பீடி குடிக்கப் போயிட்டானா? போய்ப் பாரு" என்பாள், கண்ணைத் திறக்காமலே.

இன்று சத்தம் நின்றும் அவள் கேட்கவில்லை. மூன்று நாள் காய்ச்சல். பதினாறு வருடம் பெருக்கித் துடைத்த அதே வார்டில், விடியற்காலையில் போய்விட்டாள். நாற்பத்தேழு வயது.

"பந்த் கரூம், தீதி?" என்று எதுவா சுத்தியலைக் காட்டி மெல்லக் கேட்டான்.

"பந்த் பண்ணு, பந்த் பண்ணு! சாமானை எல்லாம் எடுத்துட்டுப் போ" என்றார் மேலே நின்ற பெரியப்பா சொக்கலிங்கம். அப்பாவின் அண்ணன். சர்க்கார் வேலையில் ஓவர்சியர். பத்துபஸ்தி என்ற இந்தக் குடியிருப்பில் தமிழ் பேசும் வீடுகளில் கல்யாணமோ கருமாதியோ, முன்னால் நின்று நடத்துவது அவர்தான். "சாவு வீட்டுல சுத்தியல் விழலாமா? பதினாறு கழியட்டும். அப்புறம் இந்தக் கல்லை எல்லாம் பேத்தெடுத்து, முறைப்படி போட்டுக்கிடலாம்."

பேத்தெடுத்து. இந்திராணிக்கு அந்தச் சொல் மட்டும் காதில் தங்கிவிட்டது. அம்மாவின் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு, சேற்றில் செருப்பை விட்டுவிட்டு மேலே நடந்தாள்.

மரகதத்தைத் தென்னங்கீற்றுப் பந்தலின் கீழ் பெஞ்சில் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கு வைத்தார்கள். மெட்ராஸில் படிக்கும் தம்பிக்குத் தந்தி போயிருந்தது. அடுத்த கப்பலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அவன் வந்து பார்ப்பது நடக்காத காரியம். சாயங்காலத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தெற்கே கடல்மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

அப்பா ஜம்புலிங்கம் படகுத்துறையில் வேலை பார்ப்பவர். அதிகம் பேசாதவர். அண்ணன் சொல்லை மீறாதவர். பெஞ்சின் கால்மாட்டில் உட்கார்ந்து, மரகதத்தின் குதிகாலில் தெறித்து ஒட்டியிருந்த சேற்றைத் துண்டின் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். சேறு காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

காண்ட்ராக்டர் பன்னீர்செல்வம் சைக்கிளில் வந்து இறங்கினான். ஊரில் இவர்கள் பக்கம்தான், திருநெல்வேலி ஜில்லா. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கும்பிட்டபடி பெஞ்சு அருகே வந்தவன், குனிந்து மரகதத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவனை இந்த வேலைக்கு அமர்த்தியது மரகதம். தை மாதம், நைட் டூட்டி முடிந்து வரும் வழியில், நேராக அவனுடைய ஷெட்டுக்குப் போனாள். கூடவே இந்திராணியும் இருந்தாள்.

"வாசலுக்கும் பாதைக்கும் கல்லு பாவணும்" என்றாள் மரகதம். "சிமெண்டு வேண்டாம். பாசி பிடிச்சு வழுக்கும். மலையை வெட்டி ரோடு போட்ட இடத்துல தட்டுத் தட்டா பேருதே, அந்தக் கல்லு."

பன்னீர்செல்வம் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "வீட்டுல ஆம்பளைங்க யாரும் வரலியாக்கா? வேலை பேசணும்லா."

"ஆம்பளை இருக்காவ. வருசத்துல எட்டு மாசம் சேத்தத் தொடைக்கது நானு. என்கிட்டப் பேசு."

பேசினான். ஆனால் வேலையைத் தன் இஷ்டத்துக்குச் செய்தான். ஊரில் எப்படிச் செய்வானோ அப்படி. முற்றத்துத் தண்ணீர் ஈசானிய மூலைக்குப் போக வேண்டும், வடகிழக்குத் தாழ்ந்திருந்தால்தான் வீட்டுக்கு விருத்தி என்று வாட்டம் பிடித்துக் கல்லை வரிசையாகப் பாவினான். சொக்கலிங்கம் வந்து பார்த்துவிட்டு, "பேஷ், மனையடி சாஸ்திரப்படி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வீட்டுக்கு வடக்கே இருப்பது மலை என்பதை இரண்டு பேரும் யோசிக்கவில்லை. சித்திரையில் ஒரு மழை பெய்தது. மலைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் ஈசானிய மூலையில் குளமாகக் கட்டி, திரும்பி வந்து வீட்டுக்குள் ஏறியது. டூட்டி முடிந்து வந்த மரகதம், கூடத்தில் மிதந்த பாயைக் கையில் எடுத்தாள்.

"ஏம்ப்பா பன்னீரு, இந்த மலை உங்க சாஸ்திரத்தைப் படிச்சிருக்கா?"

"அக்கா, ஈசானியத்தை மேடாக்கினா வீட்டுப் பொம்பளைக்கு ஆகாதும்பாவ..."

"வீட்டுப் பொம்பளை நான்தான? நான் பாத்துக்கிடுதேன். எல்லாக் கல்லையும் எடு. தண்ணி தெக்க போகணும். ரோட்டுக் கால்வாயில போய் விழணும்."

எடுத்தான். திரும்பப் பாவினான். இந்தத் தடவை ஒவ்வொரு கல் படிந்ததும் மரகதம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவாள். குனிந்து பார்ப்பாள். தண்ணீர் ஒரு விரல் அளவு தேங்கினாலும் கல்லைத் தூக்கி, அடியில் மணலைச் சரிசெய்ய வேண்டும். ஓடிவிட்டால் "ஓடுது. அடுத்தது" என்பாள். எதுவா அந்தத் தமிழைக் கற்றுக்கொண்டு, அவள் சொல்வதற்கு முன்னால் "ஓடுதூ!" என்று கூவுவான்.

அப்படி எழுபத்தாறு கல். இன்னும் நாலு பாக்கி.

"குளிப்பாட்டறதைப் பின்வாசல்ல வச்சுக்கிடுவோம்" என்றார் சொக்கலிங்கம். "இந்த முத்தம் வேண்டாம்."

"ஏன் வேண்டாம் பெரியப்பா?" என்றாள் இந்திராணி.

"நீ சின்னப் பிள்ளை. உனக்குத் தெரியாது."

"இருபத்திரண்டு வயசாச்சு. சொல்லுங்க, தெரிஞ்சுக்கிடுதேன்."

சொக்கலிங்கம் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது. "ஈசானியத்தை மேடாக்காதே, வீட்டுக்காரிக்கு ஆகாதுன்னு பன்னீரு படிச்சுப் படிச்சுச் சொன்னான். கேட்டாளா? கல்லுப் போட்டு முடியல. ஆளு போயாச்சு. இனியாவது கேளுங்க. பேத்தெடுத்துருவோம்."

பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மரகதத்தோடு வேலை பார்த்த செல்லம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஓவர்சியர் சாப், உங்க வீட்டுல ஈசானியம் பள்ளமாத்தான இருக்கு? உங்க வீட்டு அக்காவுக்கு ஏன் நாலு வருசமா முட்டிவலி? வாராவாரம் ஊசி போட நான்தான கூட்டிட்டுப் போறேன்?"

ஒரு கிழவர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். சொக்கலிங்கத்தின் முகம் சிவந்தது.

இந்திராணி சிரிக்கவில்லை. "அந்த வார்டுல இந்த மாசம் காய்ச்சல்ல ஏழு பேரு செத்திருக்காங்க பெரியப்பா. ஏழு வீட்டுலயும் கல்லு பாவலை. அம்மா இந்தக் கல்லால சாகலை. நீங்க அப்படிச் சொல்லி எடுத்தீங்கன்னா, அவளே அவளைக் கொன்னுக்கிட்டான்னு ஆயிரும். நான் விட மாட்டேன்."

"என்ன செய்வே?"

"இங்கதான் குளிப்பாட்டுவோம். அந்த நாலு கல்லையும் இன்னிக்கே போடணும். வரும்போதுதான் சேத்துல வந்தா. போகும்போது போக மாட்டா." பன்னீர்செல்வத்தின் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, ஆளை வேலையைப் பாக்கச் சொல்லுங்க."

பன்னீர்செல்வம் சொக்கலிங்கத்தைப் பார்த்தான். அவன் எடுக்கும் சர்க்கார் வேலைக்கெல்லாம் அளவு பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர்தான்.

"பாப்பா, சாவு வீடு... வேணும்னா சுத்தியல்ல சாக்கைச் சுத்திக்கிட்டு, சத்தமில்லாம..."

"சாக்கு வேண்டாம். சத்தம் கேக்கட்டும்."

"பன்னீரு," என்றார் சொக்கலிங்கம், "நீ கையை வச்சுப் பாரு. அப்புறம் நான் பேச மாட்டேன்."

பன்னீர்செல்வம் நின்ற இடத்திலேயே நின்றான். அவன் கை இடுப்புத் துண்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியது.

நீர்மாலைக்கு நேரமாயிற்று. குளிப்பாட்டும் தண்ணீரை வீட்டு ஆண்கள் போய் எடுத்துவர வேண்டும். மகன் இல்லாததால் ஜம்புலிங்கம் எழுந்தார். தலைக்கு மேல் நாலு பேர் வேட்டியை விரித்துப் பிடிக்க, சங்கு முன்னால் ஊத, ரோட்டுக் குழாய்க்குப் போனார்கள். சொக்கலிங்கமும் போனார். போகும்போது ஒவ்வொருவரும் சேற்றில் இறங்கி, வழுக்கி, அடுத்தவர் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைத் தொட்டார்கள்.

இந்திராணி அடுக்களைக்குள் போய் அம்மாவின் பித்தளைச் செம்பை எடுத்தாள். தண்ணீர் மொண்டுகொண்டு பாதையின் முனைக்கு வந்து நின்றாள். எதுவா மணலைப் பரப்பி, குச்சியால் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவனிடம் செய்யச் சொல்லவில்லை. சுத்தியலை மட்டும் தொடவில்லை.

சங்குச் சத்தம் திரும்பி வந்தது. ஜம்புலிங்கம் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றார். முன்னால் எட்டடிச் சேறு. அதற்கு அப்பால் மகள், கையில் செம்போடு. அவர் காலைத் தூக்கவில்லை.

"என்னல நிக்கே? நட" என்றார் சொக்கலிங்கம், பின்னாலிருந்து.

"பன்னீரு" என்றார் ஜம்புலிங்கம். காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை. "நாலு கல்லு பாக்கி இருக்கே."

"ஆமா அண்ணாச்சி."

"போடு. நான் நிக்கேன்."

"ஜம்பு, நீர்மாலைக் குடத்தோட ரோட்டுல நிக்கப்படாது..."

"நிக்கேன்" என்றார் ஜம்புலிங்கம், அண்ணனைத் திரும்பிப் பாராமல்.

பன்னீர்செல்வம் வேட்டியை மடித்துக் கட்டினான். காண்ட்ராக்டர் ஆன பிறகு அவன் கல்லில் கை வைத்து யாரும் பார்த்ததில்லை. ஒரு பக்கம் அவனும் மறுபக்கம் எதுவாவும் பிடித்து முதல் கல்லை இறக்கினார்கள். சுத்தியல் விழுந்தது. டணக், டணக். பந்தலில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டு, பிறகு சத்தத்துக்கு மேல் குரலை எடுத்தார்கள்.

இந்திராணி முதல் கல்லில் தண்ணீர் ஊற்றினாள். ஓடியது. இரண்டாவதில் ஒரு ஓரத்தில் தேங்கியது. குனிந்து விரலை வைத்துக் காட்டினாள். பன்னீர்செல்வம் கல்லைப் புரட்டி, உள்ளங்கையால் மணலை நிரவினான். குடம் சுமந்தவரின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. யாரோ வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது தலையசைத்து மறுத்துவிட்டார். மூன்றாவது கல். சொக்கலிங்கம் அத்தனை பேருக்கும் முன்னால் சேற்றோடு சேறாக ஓரமாக ஏறி, தனியாக வீட்டுப் பக்கம் போய்விட்டார்.

நாலாவது கல்லின் விளிம்பு ரோட்டைத் தொட்டது. எதுவா எழுந்து விலகி நின்று, தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

ஜம்புலிங்கம் கல்லில் கால் வைத்து ஏறினார்.

பெண்கள் நாலு புறமும் சேலையை மறைப்பாகப் பிடித்துக்கொள்ள, பந்தலில் மரகதத்தைக் குளிப்பாட்டினார்கள். செல்லம் அரப்புத் தேய்த்தாள். இந்திராணி அம்மாவின் கூந்தலை அலசினாள். நீர்மாலைத் தண்ணீர் தோளில் விழுந்து, பெஞ்சிலிருந்து வழிந்து, மறைத்த சேலைகளின் அடியில் வெளியே வந்தது. அரப்பின் பச்சை நிறமும் மஞ்சளும் கலந்த தண்ணீர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்த இடுக்குகளில் இறங்கி, தெற்கே திரும்பி, பாதையோடு இறங்கத் தொடங்கியது.

பாதையோரம் நின்ற ஆண்கள் ஒவ்வொருவராகக் கால்களை விலக்கி அதற்கு வழிவிட்டார்கள். எழுபத்தாறு கல்லையும் தாண்டி, கடைசி நாலில் இறங்கி, ஓரிடத்திலும் நிற்காமல் ரோட்டுக் கால்வாயில் போய் விழுந்தது. பன்னீர்செல்வம் கூடவே குனிந்து குனிந்து கடைசிக் கல் வரை நடந்துபோய்ப் பார்த்தான். பக்கத்தில் எதுவா வாயைத் திறந்தான். திறந்த வாயைத் தலைத்துணியால் பொத்திக்கொண்டான்.

"ஓடுது" என்றார் ஜம்புலிங்கம், காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே.

முதல் தூறல் கீற்றின்மேல் விழ ஆரம்பித்தது. மூங்கில் கட்ட ஆட்கள் ஓடினார்கள். சொக்கலிங்கம் முற்றத்தின் மேடான வடகிழக்கு மூலையில், குடையை விரிக்காமல் கையில் பிடித்தபடி தனியாக நின்றுகொண்டிருந்தார். அவர் காலைச் சுற்றியிருந்த கற்கள் மட்டும் இன்னும் நனையவில்லை.